பாதியில் நிற்கும் வீடியோ

அக்கா மகனுக்குக் காதுகுத்து. மாமன் மடியில் பிள்ளை, ஆசாரி கையில் ஊசி. ஸ்டாண்டில் ஓடிக்கொண்டிருந்த என் சின்ன டிஜிட்டல் கேமரா சரியாக அப்போது நின்றுவிட்டது. கார்டில் இடம் இருந்தது, பேட்டரியும் இருந்தது. பிறகு ஏன்?

பழைய கேமராக்களுக்கு 29 நிமிடம் 59 நொடி என்றொரு எல்லை உண்டு. காரணம் அறிவியல் அல்ல, சுங்கவரி! ஒரே மூச்சில் 30 நிமிடம் பதிவு செய்தால் ஐரோப்பிய ஒன்றியத்தில் அப்போதெல்லாம் அது வீடியோ கேமராவாகக் கருதப்பட்டது, வரியும் கூடுதலாக இருந்தது. தயாரிப்பாளர்கள் ஒரு நொடி குறைத்துத் தப்பித்தார்கள். அந்தக் கேமராதான் நம் ஊருக்கும் வந்தது.

எனக்கு அதற்கும் முன்பே நின்றது. 32 ஜிபி வரையுள்ள எஸ்டிஎச்சி கார்டுகள் ஃபேட்32 முறையில் கோப்புகளை அடுக்குகின்றன. அதில் ஒரு கோப்பின் அளவைக் குறிக்க 32 பிட் மட்டுமே. அதாவது 4,29,49,67,295 பைட்; ஏறக்குறைய 4 ஜிபி. நொடிக்கு 35 மெகாபிட் வேகத்தில் ஃபுல் எச்டி எடுத்தால் 16 நிமிடத்தில் நிரம்பிவிடும். சில கேமராக்கள் தாமே அடுத்த கோப்பைத் தொடங்கும். என்னுடையது அவ்வளவு சமர்த்தில்லை.

சூடும் ஒரு காரணம். புகைப்படத்துக்குக் கணநேரம் உழைக்கும் சென்சார், வீடியோவில் நொடிக்கு 30 தடவை ஓயாமல் உழைக்கிறது. உள்ளங்கையளவு உடம்பில் விசிறிக்கு இடமேது?

முக்கியமான சடங்குக்குச் சற்று முன்பு, நீங்களே ஒருமுறை நிறுத்தி மறுபடி பொத்தானை அழுத்திவிடுங்கள்.