‘கேம்ப்’ என்றால் என்ன?

ஆங்கிலம் படியாதவர் வாயிலும் அன்றாடம் புழங்கும் சொல் ‘கேம்ப்’. அதன் பொருளை எழுதுமாறு ஒருநாள் என் மாணவர்களிடம் சொன்னேன். கற்பிட்டி மாணவர் ஒருவர், ‘கடற்படையினர் இருக்கும் இடம்’ என்று எழுதினார். மற்றொருவர், ‘கண் பரிசோதித்து இலவசமாகக் கண்ணாடி கொடுக்கும் இடம்’ என்றார். மூன்றாமவர் எழுதியது ஒரே வரி: ‘எங்கள் உம்மா பிறந்த ஊர்.’

மூன்றுமே சரிதான். இலத்தீனில் ‘கம்புஸ்’ என்றால் திறந்த வெளி. வெளியில் படை கூடாரமடித்ததால் அது ‘கேம்ப்’ ஆயிற்று. பல்கலைக்கழக வளாகத்தைக் குறிக்கும் ‘கெம்பஸ்’ஸும், தேர்தல் பிரசாரமாகிய ‘கெம்பெய்ன்’னும் அதே வேரில் பிறந்தவையே. அரசியலில் ‘எதிர் கேம்ப்’ என்றால் அங்கே கூடாரமே இல்லை. கருத்தால் பிரிந்த அணிதான் உண்டு.

நாம் தமிழில் சொல்லும் ‘முகாம்’ அரபிலிருந்து வந்தது. நிற்றல், தங்குதல் என்பது அதன் வேர்ப்பொருள். தொழுகைக்கு முன் சொல்லும் இகாமத்தும் அந்த வேரிலிருந்தே வந்தது. திருக்குர்ஆன் 25:76இல் சுவனத்தின் நிலையான தங்குமிடத்திற்கு இச்சொல்லே ஆளப்பட்டுள்ளது.

ஆனால் நம் கரையில் அச்சொல் எதைக் குறித்தது? 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். மன்னாரிலிருந்து பலர் கடல்வழியே கற்பிட்டியில் வந்திறங்கினர். சில நாள் தங்குவதற்கென்று கிடுகுக் குடிசைகள் எழுந்தன. அந்தச் சில நாட்கள் பல்லாண்டுகளாயின. 2007இல் உலக வங்கியின் உதவியுடன் புத்தளம் வீடமைப்புத் திட்டம் தொடங்கியது. 2009இல் யுத்தம் முடிந்தது. சிலர் திரும்பிச் சென்றனர். பலர் இங்கேயே வேரூன்றினர்.

கிடுகு போய்க் கல்வீடு வந்த பின்னும் சொல் மட்டும் போகவில்லை. பாடசாலையில் ‘கேம்ப் பிள்ளை’. கலியாணப் பேச்சில் ‘கேம்ப் ஆட்கள்’. இடத்தின் பெயர் மனிதர் மீது ஒட்டிக்கொண்டது. பட்டப்பெயர் சூட்டி அழைப்பதைத் தடுக்கும் 49:11ஆம் வசனத்தை நாம் ஓதுகிறோம். நாவோ அதை மறந்துவிடுகிறது.

அந்த மாணவரின் விடைக்கு நான் முழுப் புள்ளி கொடுத்தேன். ‘கேம்ப்’ என்று எழுதிய இடத்தை அவர் ‘ஊர்’ என்று மாற்றியிருந்தார் அல்லவா? வாசகர்களே, அவருடைய அகராதியை நாமும் ஏற்றுக்கொள்வோமா?