உயிர்வாழ்வைக் கணிக்கும் மரபணுக் குறிப்பான்கள்: கருப்பை வாய்ப் புற்றுநோய் ஆய்வுகளை மொழிபெயர்த்தல்

1. முன்னுரை

‘கருப்பை வாய்ப் புற்றுநோயில் உயிர்வாழ்வைக் கணிக்கும் மரபணு வெளிப்பாட்டுக் குறிப்பான்கள்’ என்னும் தொடர் மருத்துவ மொழிபெயர்ப்பாளர் அடிக்கடி எதிர்கொள்வதாகும். இதிலுள்ள சொற்கள் யாவும் தமிழில் வழங்குவனவே. எனினும் ஒவ்வொன்றும் வாசகரைப் பிழைபட்ட பொருளுக்கு இட்டுச்செல்ல வல்லது. உலகளாவிய கணக்கீட்டின்படி 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 1,27,000 பெண்கள் இந்நோய்க்கு ஆளாயினர். ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். ஆய்வில் பங்கேற்க இசைவு கோரும் படிவம் நோயாளியின் தாய்மொழியில் தரப்படும்போது, சொல்லில் நேரும் பிழை அவர் எடுக்கும் முடிவில் நேரும் பிழையாகிவிடும்.

2. மரபணுவும் வெளிப்பாடும்

உடலின் உயிரணுக்களில் பெரும்பாலும் ஒரே மரபணுத் தொகுதியே உள்ளது. ஆனால் எல்லா மரபணுக்களும் எல்லா இடத்தும் செயற்படுவதில்லை. செயற்படும் மரபணுவின் செய்தி ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்பட்டுப் பெரும்பாலும் புரதமாகிறது. இச்செயற்பாட்டையே ‘வெளிப்பாடு’ என்கிறோம். அதன் அளவே ஆய்வில் கணக்கிடப்படுகிறது. ஒரு சொல் அகராதியில் இருப்பது வேறு, பேச்சில் எத்துணை முறை வழங்குகிறது என்பது வேறு. மரபணுவுக்கும் வெளிப்பாட்டுக்கும் உள்ள வேறுபாடும் இத்தகையதே.

இங்கு இருவகை மயக்கம் எழுகிறது. முதலாவது, நோய்க்கிருமியின் தாக்குதலுக்கு உள்ளாதலையும் சிலர் ‘வெளிப்பாடு’ என எழுதுகின்றனர். அதனை ‘ஆட்படுதல்’ எனப் பிரித்து வழங்குதல் நலம். இரண்டாவது, ‘மரபணு’ என்னும் சொல்லில் ‘மரபு’ ஒலிப்பதால், நோய் தன் மகளுக்கும் வழிவழியாக வரும் எனத் தாய் அஞ்சக்கூடும். இந்நோயின் முதன்மைக் காரணம் மனித பாப்பிலோமா வைரசின் நீடித்த தொற்றாகும். ஹரால்டு சூர் ஹவுசன் குழுவினர் 1983இல் அதன் 16ஆம் வகையையும் 1984இல் 18ஆம் வகையையும் கட்டிகளில் கண்டறிந்தனர். அவருக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. இவ்விரு வகைகளே ஏறத்தாழ 70 விழுக்காட்டு நோய்க்குக் காரணம். இவற்றின் ஈ6, ஈ7 மரபணுக்கள் வைரசுக்குரியவை. பெற்றோர் வழி வந்தவை அல்ல. எனவே ‘கட்டித் திசுவில் மரபணுச் செயற்பாட்டு அளவு’ எனப் படிவத்தில் விரித்தெழுதுவது அச்சத்தைத் தவிர்க்கும்.

3. குறிப்பானும் காரணமும்

ஈ7 புரதம், உயிரணுப் பெருக்கத்தை அடக்கும் ஆர்பி புரதத்தைச் செயலிழக்கச் செய்கிறது. அதன் விளைவாகப் பி16 புரதம் மிகுகிறது. பி16 இயல்பில் பெருக்கத்தைத் தடுப்பதே. ஆயினும் ஆர்பி செயலிழந்த நிலையில் அத்தடை பயனற்றுப்போகிறது. ஆக, பி16 மிகுதி நிகழ்ந்ததைக் காட்டும் அடையாளமேயன்றி நோயின் காரணம் அன்று.

தமிழில் ‘அளவு மிகுந்தால் ஆயுள் குறையும்’ என எழுதினால், நிபந்தனை வாக்கியம் காரணப் பொருளையும் ஏற்றுவிடுகிறது. ‘அளவு மிகுந்திருந்தோரிடையே உயிர்வாழ்வுக் காலம் குறைவாகக் காணப்பட்டது’ என்பதே ஆய்வு சொல்லும் பொருளுக்கு நெருக்கமானது.

4. இருவகைக் கணிப்பு

சிகிச்சை எதுவாயினும் நோயின் போக்கைச் சுட்டும் குறிப்பான் ஒருவகை. குறிப்பிட்ட மருந்து யாருக்குப் பயன்தரும் எனச் சுட்டுவது மற்றொரு வகை. இரண்டையும் ‘முன்கணிப்புக் குறிப்பான்’ என்றே பெயர்ப்பது பெரும் பிழை. ‘நோய்ப்போக்குக் குறிப்பான்’, ‘மருந்துப்பயன் குறிப்பான்’ என வேறுபடுத்தலாம். 2021 அக்டோபரில் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம், பி.டி.-எல்1 புரதம் வெளிப்படும் முற்றிய கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குப் பெம்புரோலிசுமாபை வேதிச்சிகிச்சையுடன் சேர்த்து வழங்க ஒப்புதல் அளித்தது. இங்குப் பி.டி.-எல்1 இரண்டாம் வகையாகப் பயன்படுகிறது. முதல் வகைக் குறிப்பானைக் கண்டு, ‘இதற்கு மருந்து உண்டு’ என நோயாளி நம்பிவிடலாகாது. ‘இனி மருந்தில்லை’ எனச் சோர்ந்துவிடவும் கூடாது.

5. உயிர்வாழ்வு

ஆய்வில் ‘உயிர்வாழ்வு’ என்பது குழுவைப் பற்றிய அளவு. கப்லான், மையர் ஆகியோர் 1958இலும் காக்ஸ் 1972இலும் வகுத்த புள்ளியியல் முறைகளே இன்றும் இதற்கு அடிப்படை. ‘5 ஆண்டு உயிர்வாழ்வு 60 விழுக்காடு’ என்றால், ஒருவர் ஐந்தாண்டு மட்டுமே வாழ்வார் என்பதன்று. 100 பேரில் ஏறத்தாழ 60 பேர் ஐந்தாண்டுக்குப் பின்னும் உயிருடனிருப்பர் என்பதாம். ஆய்வு முடியும்வரை இறவாதவரும் தொடர்பு விட்டுப்போனவரும் இம்முறைகளில் தனியே குறிக்கப்படுவர். அவர்களைத் ‘தணிக்கை செய்யப்பட்டோர்’ எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பொருள் கெடும். ‘கண்காணிப்பு முடிவுற்றோர்’ எனலாம்.

6. முடிவுரை

இந்நோய்க்கான சிகிச்சையைத் தீர்மானிப்பதில் நோயின் படிநிலையே இன்றும் முதலிடம் பெறுகிறது. மரபணுக் குறிப்பான்கள் பலவும் வேறு நோயாளர் குழுக்களில் மீண்டும் சோதிக்கப்பட வேண்டியவை. இந்த வரம்பு மூலத்தில் உள்ளவாறே தமிழிலும் புலப்பட வேண்டும். ‘கணிக்கும்’ என்னும் வினை ‘தீர்ப்பளிக்கும்’ என ஒலிக்காதபடி காப்பது மொழிபெயர்ப்பாளரின் கடமையாகும்.