தென்னை நிழலில் திப்பிலி சாகுபடி

முதிர்ந்த தென்னந்தோப்பு வைத்திருக்கும் சிறு விவசாயிகள் பலர், "மரத்தடியில் எதை வைத்தாலும் நோஞ்சானாகப் போகிறது" என்று குறைப்படுவதுண்டு. வெயிலை விரும்பும் பயிரை நிழலில் வைத்தால் அப்படித்தான் ஆகும். காட்டு மரங்களின் அடியில் தானே படரும் திப்பிலிக்கோ நிழல்தான் வேண்டும். சுக்கு, மிளகுடன் சேர்ந்து திரிகடுகமாகும் அதே திப்பிலிதான். மிளகின் இனமே ஆனாலும் இதற்குப் படர்மரம் தேவையில்லை. தரையிலேயே ஓடி, கணுக்களில் வேர் விட்டுக்கொள்ளும்.

நிழலிலும் அளவு உண்டு. நான்கில் ஒரு பங்கு நிழல் மிகவும் ஏற்றது. முழு வெயிலில் இலை வெளுக்கும். பாதிக்கு மேல் நிழல் விழுந்தால் கொடி செழிப்பாக ஓடும், காய் இராது. எனவே 25 ஆண்டுகளைக் கடந்த, தரையில் வெயில் புள்ளி புள்ளியாக விழும் தோப்பே பொருத்தமானது. பத்துப் பதினைந்து வயதுத் தோப்பில் மட்டைகள் அடர்ந்திருக்கும். அங்கே இதை வைக்க வேண்டாம்.

இனி முக்கியமான விஷயம். திப்பிலியில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. கடையில் விலை போவது பெண் கொடியின் கதிரே. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விவசாயி என்னைத் தம் தோட்டத்திற்கு அழைத்துச் சென்றார். பத்து சென்ட் பரப்பில் கொடி பாய் விரித்தாற்போல் படர்ந்திருந்தது. கதிர்களும் நிறைய. ஆனால் எல்லாம் ஒல்லியாக, நீண்டு, காயாகாமல் வாடி உதிர்ந்துகொண்டிருந்தன. அத்தனையும் ஆண் கொடி! நாற்று விற்றவருக்கே அது தெரியவில்லை. ஓராண்டு உழைப்பும் உரமும் வீணாயின.

பெண் கதிர் குட்டையாக, பருமனாக, நிமிர்ந்து நிற்கும். இலையைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே காய்ப்பிலிருக்கும்போதே தாய்க்கொடியை நேரில் பார்த்து, கயிறு கட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட 'விஸ்வம்' நன்கு காய்க்கும் பெண் வகை. நம்பகமான இடத்தில் கிடைத்தால் அதையே வாங்கலாம்.

மார்ச், ஏப்ரலில் 3 முதல் 5 கணுக்கள் உள்ள துண்டுகளை வெட்டி, மண், மணல், மக்கிய தொழு உரம் சமமாகக் கலந்த பாலிதீன் பைகளில் ஊன்றி நிழலில் வைக்கவும். இரண்டு மாதத்தில் நாற்று தயாராகிவிடும். பருவமழை தொடங்கியதும், தென்னையின் அடியிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி, மேட்டுப் பாத்திகளில் 60 செ.மீ. இடைவெளியில் குழிக்கு இரண்டு நாற்று நடவும். ஏக்கருக்கு ஆண்டுக்கு 8 டன் தொழு உரம் தேவைப்படும். நீர் தேங்கினால் வேர் அழுகும். கோடையில் வாரம் ஒரு முறை தண்ணீர் பாய்ச்சி, காய்ந்த இலைகளால் மூடாக்கு இட்டால் கொடி வாடாது.

மழைக்காலத்தில் இலையழுகல், தண்டழுகல் வரும். ஒரு சத போர்டோ கலவை இதற்குப் போதும். 100 கிராம் மயில்துத்தத்தை 5 லிட்டர் நீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை இன்னொரு 5 லிட்டரிலும் தனித்தனியே கரைத்துப் பின் கலக்கவும். பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரமே ஆகும். துடைத்த கத்தியை முக்கினால் செம்பு நிறம் படிகிறதா என்று பாருங்கள். படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புக் கரைசல் சேர்க்க வேண்டும். பூச்சிக்கு வேப்பங்கொட்டைச் சாறே நல்லது. மருந்துக்குப் போகும் சரக்கில் கடுமையான நஞ்சு தெளிப்பது முறையல்ல.

நட்ட ஆறாம் மாதத்திலிருந்து காய் பறிக்கலாம். கதிர் தோன்றி இரண்டு மாதத்தில் கரும்பச்சையாகும். அப்போதே பறித்துவிட வேண்டும். பழுக்க விட்டால் காரம் குறையும். நாலைந்து நாள் நல்ல வெயிலில் உலர்த்தி, இரவில் பனி படாமல் எடுத்து வைக்கவும். 10 கிலோ பச்சைக் கதிர் காய்ந்தால் ஒன்றரைக் கிலோதான் நிற்கும். பச்சையைப் பார்த்துக் கணக்குப் போட்டு ஏமாற வேண்டாம்.

மூன்றாம் ஆண்டுக்குப் பின் கொடி தளரத் தொடங்கும். அப்போது பருத்த தண்டையும் வேரையும் வெட்டி உலர்த்தினால் அதுவே கண்டந்திப்பிலி, ரசத்திற்கும் மருந்துக்கும் விலை போகும். எதற்கும் முதலில் அருகிலுள்ள நாட்டுமருந்துக் கடையிலோ, மூலிகை வியாபாரியிடமோ விலை விசாரித்துக்கொண்டு, ஐந்து சென்டில் வைத்துப் பாருங்கள்.