வராதவர்களின் எடை

சென்ற வாரம் நடையை எண்ணும் கைக்கடிகாரங்களைப் பற்றிப் பார்த்தோம். அதைப் படித்துவிட்டு நண்பர் ஒருவர் போன் செய்தார். “எங்க ஆபீஸ்ல மூணு மாசம் ஹெல்த் புரோகிராம் நடத்தினாங்க சார். டயட், வாக்கிங், மனசு லேசாக தியானம், எல்லாம் உண்டு. சராசரியா ரெண்டு கிலோ குறைஞ்சதுன்னு ரிப்போர்ட் வந்திருக்கு. நம்பலாமா?”

எனக்குப் பழைய ஞாபகம் வந்தது. நான் வேலை பார்த்த ஓர் இடத்திலும் இது நடந்தது. முதல் நாள் மதியச் சாப்பாடு முடிந்த கையோடு எடை பார்த்தார்கள். கடைசி நாள் காலையில், வெறும் வயிற்றில். எனக்கு முன்னால் நின்றவர் பெல்ட்டைக் கழற்றினார், பர்ஸையும் போனையும் சாவிக்கொத்தையும் என் கையில் திணித்தார், மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு மெஷினில் ஏறினார். மூச்சைப் பிடித்தால் தொப்பைதான் உள்ளே போகும், முள் அசையாது என்று அவருக்குத் தெரியாதா என்ன! வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். முதல் நாள் வந்தவர்களில் பாதிப் பேர்கூட இல்லை.

இப்படி வராமல் போனவர்கள்தான் கணக்கைக் கெடுப்பவர்கள். அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகம் 2016இல் தன் ஊழியர்கள் சுமார் 5,000 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவுக்கு மட்டும் உடல் பரிசோதனை, எடைக் குறைப்பு வகுப்புகள், கலந்துகொண்டால் பணம். வந்தவர்களை வராதவர்களோடு ஒப்பிட்டபோது திட்டம் பிரமாதமாகத் தெரிந்தது. குலுக்கலில் பிரித்த இரு பிரிவுகளையும் முழுசாக ஒப்பிட்டபோது வித்தியாசம் அநேகமாகக் காணாமல் போனது. வந்தவர்களுக்குத் திட்டம் தொடங்கும் முன்பே மருத்துவச் செலவு குறைவு. ஏற்கெனவே தேவலையாக இருந்தவர்கள்தான் வந்திருக்கிறார்கள்.

“கடைசி எடை பார்க்க நீங்க போனீங்களா?” என்று நண்பரைக் கேட்டேன். “நான் ரெண்டாவது வாரமே நின்னுட்டேன் சார்.”

பி.ஜே.ஸ் என்ற அமெரிக்கக் கடைத்தொடரில் நடந்தது இன்னும் பெரிய சோதனை. 160 கிளைகள், சுமார் 33,000 ஊழியர்கள். குலுக்கலில் விழுந்த 20 கிளைகளில் மட்டும் உணவு, உடற்பயிற்சி, மன அழுத்தம் பற்றிய பாடங்கள். ஒன்றரை ஆண்டு கழித்து, ‘உடற்பயிற்சி செய்கிறேன்’, ‘எடையைக் கவனிக்கிறேன்’ என்று சொன்னவர்கள் அந்தக் கிளைகளில் அதிகமாக இருந்தார்கள். ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், உடல் பருமன் ஆகியவற்றில் சொல்லும்படி மாற்றம் இல்லை. மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் அதே கதை. மக்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. வகுப்பில் உட்கார்ந்து எழுந்தவருக்கு என்ன பதில் எதிர்பார்க்கிறார்கள் என்பது தெரிந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

அதற்காக எல்லாம் வீண் என்று பலகாரத் தட்டை இழுத்துக்கொள்ள வேண்டாம். சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வு நேர் எதிர்த் திசையில் ஆச்சரியம் தந்தது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரைச் சேர்த்தார்கள். வழக்கமான ஆலோசனையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு மூன்று ஆண்டில் சர்க்கரை நோய் வந்தது. உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களில் 39.3 சதவீதம்தான். மாத்திரை சாப்பிட்ட பிரிவிலும் ஏறத்தாழ அதே பலன். வேடிக்கை என்னவென்றால், உணவையும் நடையையும் மாற்றியவர்களின் எடை பெரிதாகக் குறையவே இல்லை. மெஷின் முள்ளை மட்டும் நம்பியிருந்தால் ‘பலனில்லை’ என்று எழுதி மூடியிருப்பார்கள். அவர்கள் பார்த்தது குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தை. அதுவும் 531 பேரில் 502 பேரைக் கடைசிவரை கைவிடாமல்.

(தொடரும்)