தாது நாளத்தின் வயதை எந்தக் கனிமம் சொல்லும்?

இங்கிலாந்தின் தென்மேற்கு முனையிலுள்ள கார்ன்வாலில் வெள்ளீயச் சுரங்கத் தொழில் பல நூற்றாண்டுகள் நடந்தது. கடைசிவரை இயங்கிய சவுத் குரோஃப்டி சுரங்கம் 1998இல் மூடப்பட்டது. பாறை வெடிப்புகளில் ஏறிய சூடான உப்புநீரிலிருந்து படிந்ததுதான் அங்குள்ள தாது. இத்தகைய தாது நாளத்தின் வயதைக் கண்டுபிடிப்பது, அதைச் சுமக்கும் பாறையின் வயதைக் கண்டுபிடிப்பதைவிடக் கடினம். ஒரே வெடிப்பு பலமுறை திறந்திருக்கலாம். ஒவ்வொரு முறையும் வேறொரு நீர் புகுந்து வேறொரு கனிமத்தை விட்டுப்போயிருக்கலாம். அதனால் நாளம் முழுவதற்கும் ஒரே வயதைத் தேடக் கூடாது. எந்தக் கனிமத்தை அளந்தோமோ, கிடைத்த வயது அதற்கு மட்டுமே உரியது என்று கொள்ள வேண்டும். கார்ன்வாலில் கிடைத்த எண்கள் இதை அழுத்தமாகவே சொல்கின்றன.

நாளங்களைத் தாங்கி நிற்கும் கிரானைட்டின் வயது தெரிந்துவிட்டதே, அது போதாதா என்று கேட்கலாம். கார்ன்வால் கிரானைட்டுகள் ஏறக்குறைய 29 கோடி ஆண்டுகளுக்கும் 27 கோடி ஆண்டுகளுக்கும் இடையில் கட்டங்கட்டமாக உருவானவை. நாளங்கள் கிரானைட்டை வெட்டிச் செல்வதால் அவை அதற்குப் பிந்தையவை என்பது உறுதி. எவ்வளவு பிந்தையவை என்பதற்கு அதில் விடை இல்லை. இந்தக் கிரானைட்டில் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் மிகுதி. அவை சிதைந்து வெளியிடும் வெப்பம், பாறைக்குழம்பு இறுகி நெடுங்காலம் ஆன பின்னும் நீரைச் சுழல வைக்க வல்லது. கண்ணால் பார்க்கக்கூடிய சான்றும் உண்டு. வெள்ளீய நாளங்கள் பெரும்பாலும் கிழக்கு-வடகிழக்காக ஓடுகின்றன. ஈயமும் வெள்ளியும் தாங்கிய நாளங்கள் வடக்கு தெற்காக வந்து அவற்றை வெட்டுகின்றன. வெட்டியது பிந்தையது. அந்தக் குறுக்கு நாளங்களின் குவார்ட்ஸில் சிறைப்பட்ட நீர்த்துளிகளை ருபீடியம்-ஸ்ட்ரான்சியம் முறையில் அளந்து 1994இல் வெளியான வயது 23.6 கோடி ஆண்டுகள். கிரானைட்டின் வயதையே எல்லா நாளங்களுக்கும் சூட்டியிருந்தால், மூன்று கோடி ஆண்டுகளுக்கும் மேலான வரலாறு கண்ணில் படாமலே போயிருக்கும்.

1991இல் வந்த இன்னொரு ஆய்வு, சவுத் குரோஃப்டி நாளத்திலிருந்த புளோரைட் என்ற கனிமத்தையே நேரடியாக அளந்தது. சமாரியம்-147 மிக மெதுவாகச் சிதைந்து நியோடிமியம்-143 ஆகிறது. அதன் அரைவாழ்வு ஏறத்தாழ 10,600 கோடி ஆண்டுகள். தொடக்கத்தில் எவ்வளவு நியோடிமியம் இருந்தது என்று தெரியாமல் வயதை எப்படிக் கணக்கிடுவது? ஒரே நீரிலிருந்து ஒரே காலத்தில் படிந்த, ஆனால் வெவ்வேறு அளவு சமாரியம் கொண்ட பல துண்டுகளை அளந்து வரைபடத்தில் குறித்தால் அவை ஒரு நேர்கோட்டில் அமையும். கோட்டின் சாய்வு வயதையும், அது அச்சைத் தொடும் இடம் தொடக்க நிலையையும் தரும். கிடைத்த விடை 25.9 கோடி ஆண்டுகள். பிழை எல்லை 70 லட்சம் ஆண்டுகள். முறை அழகானதுதான். ஆனால் வெவ்வேறு காலத்துப் புளோரைட்டுகள் கலந்துவிட்டால், பொருளற்ற கோடு ஒன்றும் நேராகத் தோன்றக்கூடும். அதைவிடப் பெரிய ஐயம் ஒன்று உண்டு: புளோரைட்டின் வயது வெள்ளீயத்தின் வயதாகுமா? இரண்டும் ஒரே வெடிப்பில் இருப்பதால் மட்டும் ஆகாது. எது எதன்மேல் வளர்ந்தது என்று நுண்ணோக்கியில் பார்த்த பிறகே அப்படிச் சொல்ல முடியும். இப்போது வெள்ளீயத் தாதுவான கசிட்டரைட்டையே லேசரால் சுரண்டி யுரேனியம்-ஈயம் முறையில் அளக்கிறார்கள். அந்த வயதுகள் பெரும்பாலும் கிரானைட்டுகள் உருவான காலத்தை ஒட்டியே அமைகின்றன.

அப்படியானால் கிரானைட்டின் வயதே போதும் என்றவர்கள் சொன்னது சரிதானே? வெள்ளீயத்தைப் பொறுத்தவரை பெரிதும் சரி. ஆனால் அது சரி என்று தெரிந்ததே தாதுவை அளந்த பிறகுதான். ஈய நாளங்களுக்கோ அது பொருந்தவும் இல்லை. இந்த வேறுபாட்டால் தேடலின் திசையே மாறுகிறது. வெள்ளீயம் தேடுபவர் கிரானைட்டின் கூரைப் பகுதியையும் அதை ஒட்டிய பாறைகளையும் துளையிட்டுப் பார்ப்பார். ஈயம் தேடுபவரோ, அருகிலிருந்த பிற்காலப் படிவுப் படுகைகளின் உப்புநீர் எந்தப் பிளவுகள் வழியே இறங்கி வந்திருக்கும் என்று தேட வேண்டும்.