கூரைக்குள் ஒரு கோடை

ஆகாயக் கப்பல் கட்டுவதற்காக எழுப்பிய கொட்டகையில் இன்று குழந்தைகள் நீந்துகிறார்கள். ஜெர்மனியில் வெயில் டிக்கெட்டுக்குக் கிடைக்கிறது. ஆனால் அதன் முழு விலையைக் கொடுத்தவர்கள் வேறு ஆட்கள்.

பிப்ரவரி மாதத் தொடக்கம். பெர்லின் பள்ளிகளுக்குக் குளிர்கால விடுமுறை. நகரிலிருந்து தெற்கே சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பிராண்ட் என்ற சிறிய ரயில் நிலையத்தில் வண்டி நிற்கிறது. கம்பளிக் குல்லாய், கையுறை, முழங்கால் வரை பூட்ஸ் சகிதம் குடும்பம் குடும்பமாக ஜனங்கள் இறங்குகிறார்கள். அவர்கள் கையில் இருக்கும் மூட்டைகள்தான் வேடிக்கையானவை. நீச்சல் உடை, ரப்பர் செருப்பு, கடற்கரையில் மண் தோண்டும் பிளாஸ்டிக் வாளி.

காத்திருக்கும் பஸ் பைன் மரக் காட்டுக்குள் அவர்களை ஏற்றிச் செல்கிறது. வழியில் புல் முளைத்த கான்கிரீட் மேடுகள் தென்படுகின்றன. ஒரு காலத்தில் சோவியத் போர் விமானங்கள் பதுங்கியிருந்த கொட்டகைகள் அவை. அடுத்து, மரங்களின் தலைக்கு மேலே, பூமியில் பாதி புதைந்த ராட்சத முட்டை போல ஒரு கட்டடம் எழும்புகிறது. நீளம் 360 மீட்டர், அகலம் 210 மீட்டர், உயரம் 107 மீட்டர். உள்ளே ஒரு தூண்கூடக் கிடையாது. தில்லியின் குதுப் மினாரையும் ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாலும் கலசத்துக்கு மேல் 30 மீட்டருக்கு மேல் இடம் மிச்சமிருக்கும்.

கதவைத் தாண்டியதும் மூக்குக் கண்ணாடியில் ஆவி படிகிறது. வெளியே உறைநிலை. உள்ளே 26 டிகிரி. ஈர மண்ணின் வாசனை, தென்னங்கீற்று, மணல், மணலுக்கு அப்பால் நீல நிறத்தில் 'தென் கடல்'. அலையோ மீனோ இல்லாத அந்தக் கடலின் பரப்பு 4,400 சதுர மீட்டர், ஆழம் பெரியவர்களின் மார்பளவு. தண்ணீரின் சூடு 28 டிகிரி. சற்றுத் தள்ளி இருக்கும் சிறிய குளத்தில் 32 டிகிரி. நடுவே சுமார் 50,000 செடிகொடிகள் அடங்கிய ஒரு மழைக்காடு. பாலித் தீவு, தாய்லாந்து, சமோவா வீடுகளின் மாதிரிகள். 27 மீட்டர் உயரத்திலிருந்து வளைந்து வளைந்து இறங்கும் நீர்ச் சறுக்கு. தங்குவதற்குக் கூடாரங்கள், கூரைக்குள்ளேயே கூடாரம். இதற்கு 'ட்ராபிகல் ஐலண்ட்ஸ்' என்று பெயர். பெர்லினில் டிசம்பர் மாதச் சூரியன் மாலை நான்கு மணிக்கு முன்பே அஸ்தமித்து விடுகிறது. இங்கே விளக்கு எரியும் வரை மாலை கிடையாது.

குளிர் நாடுகளுக்கு இந்த யோசனை புதிதல்ல. கனடாவின் எட்மன்டன் நகரில் ஒரு பிரம்மாண்ட வணிக வளாகத்துக்குள் 1986-ல் அலையடிக்கும் குளத்தோடு ஒரு நீர்ப் பூங்கா திறக்கப்பட்டது. அமெரிக்காவின் விஸ்கான்சின் டெல்ஸ் ஊரில் ஓட்டல் நடத்துபவர்களுக்குக் கோடை மூன்று மாதம்தான் வருமானம். மீதி ஒன்பது மாதம் ஈயோட்ட வேண்டியதுதான். 1994-ல் அங்கே ஒரு ஓட்டல் தன் நீர்ச் சறுக்குகளுக்குக் கூரை போட்டது. பனி பெய்யும் மாதங்களிலும் அறைகள் நிரம்பின. பக்கத்து ஓட்டல்களும் பின்தொடர, சில ஆண்டுகளில் அந்த ஊர் கூரை போட்ட நீர்ப் பூங்காக்களுக்கே பெயர் பெற்றுவிட்டது. வானிலையை நம்பிப் பிழைத்த தொழில், வானிலையையே சரக்காக்கி விற்கக் கற்றுக்கொண்டது.

பிராண்டின் கதை மட்டும் நீச்சலில் ஆரம்பிக்கவில்லை. 1930-களின் இறுதியில் இந்தக் காட்டை வெட்டி ஓடுதளம் போட்டது ஹிட்லரின் விமானப்படை. யுத்தம் முடிந்ததும் சோவியத் படைகள் வந்து அமர்ந்தன. ஜெர்மனி ஒன்றுபட்டு, 1992-ல் அவர்களும் மூட்டை கட்டிய பிறகு அங்கே மிஞ்சியது ஓடுதளமும் வேலையில்லாத சுற்றுவட்டாரமும்தான்.

அந்த நேரத்தில் வந்தது 'கார்கோலிஃப்டர்' என்ற கம்பெனி. 1996-ல் தொடங்கப்பட்ட அதன் லட்சியம், 160 டன் எடையைத் தூக்கிச் செல்லும் 260 மீட்டர் நீள ஆகாயக் கப்பல். ரோட்டில் கொண்டுபோக முடியாத ராட்சத இயந்திரங்களை ஹீலியம் நிரப்பிய அந்தக் கப்பல் தொழிற்சாலையிலிருந்து நேரே அணைக்கட்டுக்கோ பாலைவனத்துக்கோ இறக்கிவிடும் என்றார்கள். பங்குச் சந்தை உச்சத்தில் இருந்த காலம். 70,000-க்கும் மேற்பட்டவர்கள் பங்கு வாங்கினார்கள். இவர்களில் பெரும்பாலோர் பெரும்புள்ளிகள் அல்ல, சேமிப்பைப் போட்ட சாமானியர்கள். ஜெர்மனியின் பழைய செப்பலின் பெருமை மீண்டும் பறக்கப் போகிறது என்ற உணர்ச்சியும் முதலீட்டோடு கலந்திருந்தது.

கப்பலைக் கட்டுவதற்கு முன் அதைக் கட்ட ஒரு கொட்டகை வேண்டும். 78 மில்லியன் யூரோ செலவில் 2000-ஆவது ஆண்டு இறுதியில் அது தயாரானது. கப்பல்தான் வரவில்லை. ஒரு சிறிய சோதனைக் கப்பலும் ஒரு பெரிய பலூனும் தவிர வேறெதுவும் தரையை விட்டு எழவில்லை. பணம் தீர்ந்தது. 2002 ஜூன் மாதம் கம்பெனி திவால் நோட்டீஸ் கொடுத்தது. பங்குப் பத்திரங்கள் வெறும் காகிதமாயின. நூற்றுக்கணக்கான பொறியாளர்களும் தொழிலாளர்களும் வீட்டுக்குப் போனார்கள். கிழக்கு ஜெர்மனியில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் வேலையில்லாமல் இருந்த காலம் அது.

தூணே இல்லாத அந்தக் காலி இடத்தை என்ன செய்வது என்று ஜெர்மானியர்கள் விழித்தபோது விடை கோலாலம்பூரிலிருந்து வந்தது. மலேசியத் தமிழர் ஆனந்த கிருஷ்ணனின் ஆளுகையில் இருந்த டான்ஜோங் நிறுவனமும், ஸ்டார் குரூசஸ் உல்லாசக் கப்பல் கம்பெனியின் தலைமைப் பொறுப்பில் இருந்த காலின் ஆவும் 2003-ல் கொட்டகையை விலைக்கு வாங்கினார்கள். கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில், யாழ்ப்பாண வம்சாவளிக் குடும்பத்தில் வளர்ந்த ஆனந்த கிருஷ்ணன், 2024 நவம்பரில் காலமாகும்வரை மலேசியாவின் பெரும் செல்வந்தர்களில் ஒருவராக விளங்கியவர். பெட்ரோனாஸ் கோபுரங்கள் எழுந்த வளாகத் திட்டத்திலும் அவர் கை இருந்தது. வெயில் இலவசமாகக் கிடைக்கும் நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு, வெயில் இல்லாத நாட்டில் அதற்கு என்ன மதிப்பு என்பது தெரிந்திருந்தது.

அவர்கள் கொடுத்த விலை 17.5 மில்லியன் யூரோ. கட்டிய செலவில் கால் பங்குகூட இல்லை. இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. புதிதாக இப்படி ஒரு கூரையை எழுப்பி, அந்தக் கடனுக்கு வட்டி கட்டி, பிறகு குடும்பங்களிடம் டிக்கெட் விற்று லாபம் பார்ப்பது சுலபமல்ல. ஜப்பான் அதைச் செய்து பார்த்தது. மியாசாகி நகரில் 1993-ல் திறந்த 'ஓஷன் டோம்', 300 மீட்டர் நீளத்துக்குத் திறந்து மூடும் கூரையோடு உருவான செயற்கைக் கடற்கரை. நிஜக் கடல் சில நூறு மீட்டர் தூரத்தில் இருந்தது. சலவைக்கல்லைப் பொடித்து மணலாகப் பரப்பியிருந்தார்கள். கூட்டம் வந்தது, ஆனால் கடனுக்குத் தக்கபடி வரவில்லை. 2001-ல் அந்த விடுதி வளாகம் திவாலாகி அமெரிக்கர்கள் கைக்குப் போனது. 2007-ல் கூரை மூடியது, 2017-ல் இடித்தே விட்டார்கள்.

பிராண்டில் அந்தக் கடனை ஏற்கனவே வேறு ஆட்கள் அடைத்துவிட்டார்கள். கிடைக்காத ஆகாயக் கப்பலுக்காக 70,000 பேர் இழந்த பணம்தான் இன்று குழந்தைகளின் தலைக்கு மேல் கூரையாக நிற்கிறது. பங்கை இழந்தவர்களில் யாராவது பேரக்குழந்தையைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்தால், அவருக்கும் வாசலில் முழு டிக்கெட்தான்.

அப்படியும் புதிய முதலாளிகளுக்கு ஆரம்பம் சுகமாக இல்லை. 2004 டிசம்பர் 19-ல் திறந்த பிறகு எதிர்பார்த்த கூட்டம் உடனே வரவில்லை. கூரை மூடியே இருந்ததால் செடிகளுக்கும் வெளிச்சம் போதவில்லை. 2005-ல் தென்புறக் கூரையில் 20,000 சதுர மீட்டர் அளவுக்குச் சூரிய ஒளி ஊடுருவும் மெல்லிய உறையை மாட்டினார்கள். சறுக்குகளும் தங்குமிடங்களும் சேர்ந்தன. 2016-ல் கொட்டகைக்கு வெளியேயும் குளங்கள் வந்தன. நல்ல வருடங்களில் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் வந்தார்கள். 2018 டிசம்பரில் ஸ்பெயினின் பார்க்கேஸ் ரெயுனிடோஸ் நிறுவனத்துக்கு 226 மில்லியன் யூரோவுக்குக் கைமாற்ற ஒப்பந்தமானது. பாரம் தூக்கும் கனவு தோற்ற இடத்தில் விளையாட்டு ஜெயித்துவிட்டது. அந்த வட்டாரத்தில் நூற்றுக்கணக்கானோருக்கு வேலையும் கிடைத்தது.

ஆனால் திறந்தவெளியில் இயற்கை தானாகச் செய்யும் ஒவ்வொரு வேலையையும் கூரைக்குள் ஒரு மனிதனோ இயந்திரமோ செய்தாக வேண்டும். முதல் செலவு சூடு. 55 லட்சம் கன மீட்டர் காற்றை உறைபனி நாளிலும் வெதுவெதுப்பாக வைத்திருக்க வேண்டும். உக்ரைன் போரால் ரஷ்ய எரிவாயு நின்றபோது, 2022 செப்டம்பரில் ஜெர்மன் அரசு வீட்டு நீச்சல் குளங்களை எரிவாயுவால் சூடுபடுத்தத் தடை போட்டது. பல ஊர்களின் பொதுக் குளங்களில் சூட்டைக் குறைத்தார்கள். செயற்கைக் கோடை எவ்வளவு மெல்லிய குழாயில் தொங்குகிறது என்று அந்தக் குளிர்காலம் காட்டியது.

இரண்டாவது செலவு காற்று. தண்ணீரில் உள்ள குளோரின், குளிப்பவர்களின் வியர்வையோடும் சிறுநீரோடும் சேரும்போது குளோரமின் என்ற ரசாயனம் உண்டாகிறது. நீச்சல் குளத்து வாசனை என்று எல்லோரும் நினைப்பது பெரும்பாலும் இதைத்தான். திறந்தவெளியில் காற்று அதை அடித்துக்கொண்டு போய்விடும். கூரைக்குள் அது தண்ணீரின் மேலேயே, சரியாகக் குழந்தைகளின் மூக்கு இருக்கும் உயரத்தில் தங்குகிறது. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ஒரு நீர்ப் பூங்காவில் 2007-ல் கண் எரிச்சலும் இருமலும் வந்ததாக விருந்தினர்களும் ஊழியர்களும் புகார் செய்ய, அரசு நிபுணர்கள் ஆராய்ந்து காற்றோட்டக் குறைவைச் சுட்டிக்காட்டினார்கள். சிக்கல் இதுதான்: கெட்ட காற்றை வெளியேற்றினால் காசு கொடுத்து ஏற்றிய சூடும் அதோடு போய்விடும். மிச்சம் பிடிக்க நினைப்பவருக்கு இங்கே கை நீள்வது சுலபம். குளத்தில் இறங்குமுன் சோப்புப் போட்டுக் குளிக்கச் சொல்லும் பலகையை ஜனங்கள் சம்பிரதாயம் என்று தாண்டிப் போகிறார்கள். உண்மையில் தங்கள் குழந்தையின் மூச்சுக்கு ஒரு குடும்பம் செய்யக்கூடிய முதல் உதவி அதுவே.

மூன்றாவது, கூரையே. மாஸ்கோவில் 2002-ல் திறந்த டிரான்ஸ்வால் பூங்காவும் இதே போன்ற சொர்க்கம்தான். வெளியே கடுங்குளிர், உள்ளே பனைமரமும் வெந்நீரும். 2004 பிப்ரவரி 14, சனிக்கிழமை மாலை, குடும்பங்கள் நிறைந்திருந்த நேரத்தில் அதன் கான்கிரீட் கூரை இடிந்து விழுந்தது. 28 பேர் இறந்தார்கள். அவர்களில் 8 பேர் குழந்தைகள். நீச்சல் உடையில் தப்பி ஓடியவர்கள் பனியில் வந்து நின்றார்கள். விசாரணை கூரையின் வடிவமைப்பில் தவறு கண்டது. வழக்கு 2006-ல் பொது மன்னிப்போடு முடிந்தது. அந்தத் துயரம் நடந்த அதே ஆண்டின் இறுதியில்தான் பிராண்டில் கதவு திறந்தது.

பிராண்டின் கூரை கனமான வேலைக்காக எஃகுச் சட்டகத்தில் கட்டிய கூரை. அதன் கீழே நீந்தும் பெற்றோருக்கு மாஸ்கோ நினைவுக்கு வருவதில்லை; வர வேண்டியதும் இல்லை. அந்தக் கவலையைச் சுமக்க வேண்டியவர்கள் பொறியாளர்களும் ஆய்வாளர்களும். குடும்பம் டிக்கெட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் அதற்கான கூலியும் அடக்கம்.

இதெல்லாம் நமக்கு அந்நியமான விஷயம் என்று சொல்லவும் முடியாது. பிராண்டில் வெயிலுக்குக் கூரை போட்ட அதே 2004-ல், ஹைதராபாத்தில் 'ஸ்நோ வேர்ல்ட்' திறந்து பனிக்குக் கூரை போட்டார்கள். ஏப்ரல் வெயிலில் வந்து இறங்கும் குடும்பங்கள் அங்கே கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு உறைநிலைக்குக் கீழே இருக்கும் அறைக்குள் நுழைகின்றன. ஜெர்மானியர் கோட்டைக் கழற்றும் இன்பத்துக்கு என்ன கொடுக்கிறாரோ, அதையே நம்மவர் கோட்டை மாட்டும் இன்பத்துக்குக் கொடுக்கிறார். இல்லாததைக் குழந்தைக்கு ஒரு நாளாவது காட்டிவிட வேண்டும் என்ற ஆசைக்கு நாடு கிடையாது. பாங்காக்குக்கோ பாலிக்கோ நான்கு பேருக்கு விமான டிக்கெட் எடுக்க வசதியில்லாத பெர்லின் குடும்பத்துக்கு, ஒரு மணி நேர ரயில் தூரத்தில் ஒரு தென்னைமரம் என்பது அற்பமான விஷயமல்ல.

மாலை. கையில் கட்டிய பட்டையில் இருக்கும் சில்லு அன்றைய கணக்கைச் சேர்த்து வைத்திருக்கிறது. ஐஸ்கிரீம், உருளைக்கிழங்கு வறுவல் என்று உள்ளே காசு எடுக்காமலே செலவழித்ததெல்லாம் வெளியேறும் வாசலில் ஒரே தொகையாக வந்து நிற்கிறது. அப்பா தொகையை இரண்டு முறை பார்க்கிறார். அம்மா குழந்தையின் தலையை மூன்றாம் முறை துவட்டிவிட்டு, குல்லாயைக் காதுக்குக் கீழே இழுத்து விடுகிறாள். கதவு திறக்கிறது. முகத்தில் குளிர் அறைகிறது. பஸ் புறப்படும்போது மரங்களுக்கு மேல் அந்த ராட்சத முட்டை உள்ளிருந்து மங்கலாக ஒளிர்கிறது. ஒருபோதும் பறக்காத கப்பலின் வீடு. ரயில் வருவதற்குள் குழந்தை தூங்கிவிட்டது. கையில் வாளி. அதன் அடியில் கொஞ்சம் மணல்.