சேற்றுக் காலம்: எது ஊர்ச் சாலை, எது உங்கள் பாதை?

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் வெர்மாண்ட் மாநிலத்தில் ஆண்டுக்கு ஐந்து பருவங்கள் என்பார்கள். குளிர்காலம் விடைபெற்று வசந்தம் வந்து சேருவதற்கு இடையே, மார்ச் நடுவிலிருந்து மே தொடக்கம்வரை நீளும் ஐந்தாவது பருவத்துக்குச் ‘சேற்றுக் காலம்’ என்று பெயர். அங்குள்ள சாலைகளில் பாதிக்கு மேல் தார் காணாதவை. 2022 வசந்தத்தில் சேறு எல்லை மீறியது. சில ஊர்களில் பள்ளிப் பேருந்துகள் மண் சாலைகளுக்குள் நுழையவே முடியவில்லை.

ஊர்ச் சாலை புதைந்தால் கேட்க ஆள் உண்டு. சாலையில் இருந்து பிரிந்து வீட்டு வாசல்வரை போகும் சொந்தப் பாதை புதைந்தால்? அங்கேதான் பணமும் சட்டமும் பக்கத்து வீட்டுச் சண்டையும் ஒன்றாக வந்து நிற்கின்றன.

முதலில் சேறு எப்படி உண்டாகிறது என்று பார்க்க வேண்டும். அது தெரியாமல் ஜல்லி கொட்டுவது வீண் செலவு. கடும் குளிரில் மண் நான்கடி ஆழத்துக்கும் மேல் உறைகிறது. பனி தள்ளிச் சுத்தமாக வைத்திருக்கும் பாதையில்தான் உறைவு இன்னும் ஆழமாக இறங்கும். மேலே கிடக்கும் பனி மண்ணுக்குப் போர்வை, அதை விலக்கிவிடுகிறோம். உறையும்போது கீழே இருக்கும் ஈரத்தை மண் மேல்நோக்கி உறிஞ்சுகிறது, அந்த ஈரம் பனிக்கட்டி அடுக்குகளாகத் திரள்கிறது. தண்ணீர் உறையும்போது விரிவதால்தான் தரை மேலெழும்புகிறது என்று நெடுநாள் நம்பினார்கள். ஸ்டீபன் டேபர் என்ற அமெரிக்க நிலவியலாளர் 1930 வாக்கில் தண்ணீருக்குப் பதில் பென்சீனை வைத்துச் சோதித்தார். பென்சீன் உறைந்தால் சுருங்கும். அப்போதும் மண் மேலெழும்பியது. விரிவு காரணம் அல்ல, கீழிருந்து ஏறிவரும் திரவமே காரணம் என்று தெரிந்தது. நுண்ணிய வண்டல் மண்ணில் இந்த ஏற்றம் மிக அதிகம்.

வசந்தத்தில் வெயில் மேல் அடுக்கை முதலில் உருக்குகிறது. அடி இன்னும் பாறையாக உறைந்து கிடக்கும். வடிதட்டு அடைத்துக்கொண்டால் கஞ்சி இறங்காமல் சோற்றோடு நிற்குமே, அதே கதைதான். உருகிய நீர் இறங்க வழியில்லாமல் மண்ணோடு கலந்து குழம்பாகிறது. ஆக, இது கல் பற்றாக்குறை அல்ல, நீர் வடியாத கோளாறு.

இது புரியாதவர்கள் ஏப்ரலில் லாரி லாரியாகக் கல் கொட்டுகிறார்கள். அடுத்த ஆண்டு அந்தக் கல் எங்கே என்று தேட வேண்டியிருக்கும், அத்தனையும் சேற்றுக்குள் இறங்கியிருக்கும். அந்த லாரி வருவதே பல இடங்களில் விதிமீறல் என்பது வேறு விஷயம். உருகும் காலத்தில் சாலையைக் காப்பாற்ற ஊர்கள் எடைக் கட்டுப்பாட்டுப் பலகை வைக்கின்றன. அதே வடகிழக்குப் பகுதியிலுள்ள மெய்ன் மாநிலத்தில் இப்படி அறிவித்த சாலைகளில் வழக்கமான வரம்பு 23,000 பவுண்டு, ஏறக்குறைய பத்தரை டன். ஜல்லி ஏற்றிய டிப்பர் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

அப்படியானால் சேற்றுக் காலத்தில் செய்யக்கூடியது என்ன? மிகக் கொஞ்சம்தான். காரைப் பாதையின் தொடக்கத்திலேயே நிறுத்திவிட்டு நடப்பது முதல் வழி. போயே ஆக வேண்டுமென்றால் இரவுக் குளிரில் மேல்மண் இறுகியிருக்கும் விடியற்காலையில் போய்வருவது. தேங்கிய நீரை மண்வெட்டியால் சிறு வாய்க்கால் வெட்டி ஓரத்துக்கு விடுவது. சக்கரம் புதையும் பள்ளங்களில் மட்டும் தூசு கலக்காத பெரிய உடைகல் போடுவது. ஈரத்தில் இயந்திரம் விட்டுச் சமன்படுத்துவது கூடவே கூடாது. சேற்றைத் தவிர்க்கப் புல்தரையில் ஏற்றி ஓட்டுவதும் ஆபத்து. கிராமத்து வீடுகளில் செப்டிக் டேங்க் கழிவுநீர் இறங்கும் குழாய்கள் பெரும்பாலும் அந்தப் புல்லுக்கடியில்தான் இருக்கும். அவை நசுங்கினால் பாதைச் செலவைவிடப் பெரிய செலவு. ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் உள்ளே வர முடியுமா என்று முன்கூட்டியே கேட்டுவைப்பதும், வீட்டைச் சூடாக்கும் எண்ணெயைப் பிப்ரவரியிலேயே நிரப்பிக்கொள்வதும் அனுபவசாலிகளின் வழக்கம்.

உண்மையான வேலை கோடையில். பாதையின் நடுவை உயர்த்தி இருபுறமும் நீர் ஓடும்படி, நூற்றுக்கு நான்கு முதல் ஆறு பங்கு சரிவில் கேம்பர் கொடுக்க வேண்டும். ஓரங்களில் வடிகால். குறுக்கே நீர் கடக்கும் இடத்தில் குழாய்ப் பாலம். சேறு நிரந்தரமாக உள்ள இடத்தில் கெட்ட மண்ணைத் தோண்டி எடுத்து, ஜியோ டெக்ஸ்டைல் துணி விரித்து, அதன்மேல் பெரிய உடைகல், அதற்கும் மேல் தூசு கலந்த சிறு ஜல்லி. மண்ணும் கல்லும் கலக்காமல் அந்தத் துணி தடுக்கும். ஆற்றுக் கூழாங்கல் வேண்டாம். உருண்டைக் கல் சக்கரத்தடியில் உருண்டுகொண்டே இருக்கும், முனையுள்ள உடைகல்தான் ஒன்றையொன்று கவ்வும். பாதைமேல் கவிந்த மரக்கிளைகளைக் கழித்து வெயில் விழச் செய்தாலே பாதி ஈரம் காயும். காசில்லாத இந்த வைத்தியத்தைப் பலர் கடைசியில்தான் நினைக்கிறார்கள்.

தோண்டுமுன் 811 என்ற எண்ணை அழைப்பது அமெரிக்கா முழுதும் உள்ள ஏற்பாடு. புதைந்திருக்கும் மின்கம்பி, எரிவாயுக் குழாய் இடங்களை இலவசமாகக் குறித்துத் தருவார்கள். பாதை பொதுச் சாலையில் சேரும் வாயை மாற்றியமைக்க வெர்மாண்டில் முன் அனுமதி தேவை. ஊர்ச் சாலையென்றால் செலக்ட்போர்டு என்ற ஊர்க்குழுவிடமும், மாநிலச் சாலையென்றால் போக்குவரத்துத் துறையிடமும் வாங்க வேண்டும். அந்த வாயில் உள்ள குழாய்ப் பாலத்தைப் பராமரிப்பதைப் பல ஊர்கள் வீட்டுக்காரர் தலையில் வைக்கின்றன. தன் பாதை நீரைத் திருப்பிப் பக்கத்து நிலத்திலோ ஊர்ச் சாலையிலோ விட்டால் வழக்கு வரலாம். ஓடையையோ சதுப்பையோ தொடும் வேலைக்குத் தனி அனுமதி உண்டு.

இனி, பலர் வீடு வாங்கிய பிறகே தெரிந்துகொள்ளும் விஷயம். வெர்மாண்ட் ஊர்ச் சாலைகள் நான்கு வகுப்பு. மூன்றாம் வகுப்புச் சாலையில் சாதாரண கார் எல்லாப் பருவத்திலும் போக முடிய வேண்டும் என்கிறது சட்டம். நான்காம் வகுப்புக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. பனி தள்ளுவதும் கல் போடுவதும் ஊரின் விருப்பம். பக்கத்து நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஆறாம் வகுப்புச் சாலையைப் பராமரிக்கும் கடமையும் ஊருக்கு இல்லை. ஊர் பராமரிக்க வேண்டிய சாலையைக் கைவிட்டால் வெர்மாண்டில் மூன்று குடிமக்கள் சேர்ந்து எழுத்தில் புகார் தரலாம். 72 மணி நேரத்தில் வேலை தொடங்காவிட்டால் நீதிமன்றம் போகலாம். சாலைக்கான வரவு செலவு மார்ச் முதல் செவ்வாயன்று, சேறு தலைகாட்டப்போகும் நேரத்தில், ஊர்க்கூட்டத்தில் வாக்கெடுப்புக்கு வருகிறது. பேச வேண்டியதைப் பேச அதைவிட நல்ல நாள் கிடைக்காது.

பல வீடுகள் பகிரும் தனியார் பாதையில் ஒருவர் மட்டும் செலவு செய்து மற்றவர் கைகட்டி நிற்பது பழைய தகராறு. தனி ஒப்பந்தம் இல்லாதபோது, பயன்பெறும் ஒவ்வொருவரும் நியாயமான பராமரிப்புச் செலவில் தம் பங்கைத் தர வேண்டும், தராவிட்டால் வழக்குத் தொடரலாம் என்பது வெர்மாண்ட் சட்டம். மெய்னில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மனைகள் ஒரு பாதையை நம்பியிருந்தால் உரிமையாளர்கள் சாலைச் சங்கம் அமைத்து, வாக்கெடுத்துச் செலவை வசூலிக்கலாம்.

சேற்றோடு சேர்ந்தே மோசடிக்காரர்களும் வருவார்கள். “பக்கத்தில் வேலை முடிந்து தார் மிஞ்சிவிட்டது, பாதி விலைக்குப் போட்டுத் தருகிறோம்” என்று கதவைத் தட்டுவது பழகிப்போன தந்திரம். முன்பணம் போன பிறகு மிஞ்சுவது மெல்லிய கறுப்புப் பூச்சுதான், அதுவும் அடுத்த உறைபனியில் வெடிக்கும். இப்படி வீடு தேடி வந்து செய்யும் 25 டாலர் அல்லது அதற்கு மேற்பட்ட விற்பனையை மூன்று வேலை நாட்களுக்குள் ரத்து செய்யலாம் என்பது கூட்டாட்சி வணிக ஆணையத்தின் விதி. ரத்துப் படிவத்தை விற்பவரே தர வேண்டும், பணத்தைப் பத்து வேலை நாட்களுக்குள் திருப்ப வேண்டும். வீட்டுக்காரரே அவசரப் பழுதுக்கு அழைத்து, உரிமையை எழுத்தில் விட்டுக்கொடுத்தால் இது செல்லாது. ஆகவே, நீட்டும் தாளில் கையெழுத்துப் போடுமுன் முழுதும் படிக்க வேண்டும்.

அந்தப் பகுதியில் வீடு வாங்க நினைப்பவர்கள் அக்டோபர் இலைவண்ணத்தில் மயங்கி முன்பணம் தர வேண்டாம். ஏப்ரலில் ஒருமுறை போய்ப் பாருங்கள். பத்திரத்தில் பாதைப் பராமரிப்புப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். எந்தச் சாலை எந்த வகுப்பு என்று காட்டும் வரைபடத்தை வெர்மாண்ட் போக்குவரத்துத் துறை ஊர்வாரியாக வெளியிடுகிறது. அதைப் பார்க்கக் காசு கேட்பதில்லை.